நீலக் கோட்டில் கனகாம்பரப் பட்டை

மருதாளுக்கு உடுப்பு விஷயத்தில் விட்டுக்கொடுக்கத் தெரியாது. நாற்பத்து நான்கு வயதாகிறது. இன்றைக்கும் பைப்பிங் வைக்காத ஜாக்கெட்டில் அவளை யாரும் பார்த்ததில்லை. பச்சைச் சேலை என்றால் ஜாக்கெட் கையில் மட்டும் மெல்லிசாக ஓர் அரக்குக் கரை. சாம்பல் சேலை என்றால் கழுத்தைச் சுற்றி மஞ்சள். வீட்டில் இருக்கிற பழைய மிதி மெஷினில் தானே வெட்டித் தானே தைத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று முதுகுப் பக்கத்தையும் ஒருமுறை பார்த்த பிறகுதான் காலையில் செருப்பை மாட்டுவாள்.

“பனியன் கம்பெனிக்குப் போறயா, கண்ணாலத்துக்குப் போறயா?” என்பார் அவள் கணவர் சுப்பையன். கம்பெனிக்கும் கம்பெனிக்கும் துணி பண்டல் ஏற்றும் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர்.

“கண்ணாலம் வருசத்துக்கு நாலு நாளுங்க. கம்பெனி முந்நூறு நாளுங்க. எதுக்கு நல்லாப் போடோணும்னு நீங்களே சொல்லுங்க.”

அந்த அழகெல்லாம் காலை எட்டரை மணி வரைதான். கேட்டைத் தாண்டியதும் எல்லார் மேலும் கோட்டு ஏறிவிடும். முழங்கால் வரை தொங்குகிற, முன்னால் ஆறு பட்டன் வைத்த விறைப்பான துணிக் கோட்டு. டெய்லர்களுக்கு நீலம். செக்கிங்குக்குப் பச்சை. டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுக்கிற கைமடிகளுக்குக் காப்பிக் கலர். சூப்பர்வைசர்களுக்கு ரோஸ். யார் யாரை அதட்டலாம் என்பது கோட்டைப் பார்த்தாலே விளங்கிவிடும்.

மூலனூர்ப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டுத் திருப்பூர் வந்தவள் மருதாள். வேறொரு கம்பெனியில் கைமடியாக நுழைந்து டெய்லராகி, இந்தக் கம்பெனிக்கு வந்து மட்டும் பதினோரு வருடம் ஆயிற்று. கோட்டின் மேல் இருந்த கோபத்தை அவள் கோட்டிடமே காட்டினாள். இடுப்பில் இரண்டு டக் பிடித்து, தோளை அரை அங்குலம் ஏற்றி, அந்த மூட்டையை ஒரு சட்டையாக்கி வைத்திருந்தாள். அவள் உட்காருகிற நாலாம் லைன் மெஷின் வரிசைப் பெண்கள் அதைப் பார்த்துவிட்டுத் தங்கள் கோட்டையும் அவளிடம் கொடுத்துச் சரி பண்ணிக்கொள்வார்கள். ஆபீஸ் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத்தான் கை வைப்பாள். வம்பு தும்பு அவளுக்கு ஆகாது. கேட்டுக்கு வெளியே சங்கத்துக்காரர்கள் நோட்டீஸ் கொடுத்தால் மறுக்காமல் வாங்கிப் பையில் வைத்துக்கொள்வாள். வீட்டுக்குப் போய் அந்தத் தாளில் ஜாக்கெட் கைக்கு அளவு வெட்டுவாள்.

அவளுக்கு நேர் முன்னால், துணி விளிம்பை வெட்டிக்கொண்டே தைக்கிற ஓவர்லாக் மெஷினில் உட்காருகிறவள் நதியா. இருபத்து மூன்று வயது. கல்யாணமான கையோடு சாத்தான்குளத்துப் பக்கமிருந்து வந்தவள். புருஷன் ராபின் வேறொரு நிட்டிங் கம்பெனியில் இருந்தான். நதியா பக்கவாட்டை மூட்டிப் போடுகிற பனியன்தான் அடிமடிப்புக்கு மருதாளிடம் வரும். ஒரு நாளைக்கு ஆயிரம் பீஸ் அவள் கையிலிருந்து இவள் கைக்கு. தையலைத் தொட்டாலே அன்றைக்கு நதியா சரியாகச் சாப்பிட்டாளா, ராபினோடு சண்டையா என்று மருதாளுக்குப் பிடிபட்டுவிடும். அவள் வயிற்றில் பிள்ளை தங்கியதைக்கூட அவள் வாய் திறந்து சொல்வதற்கு முன்பே மருதாள் தையலில் கண்டுகொண்டாள். ஒரு வாரமாகவே மூட்டு நேராக ஓடாமல் அலைந்தது.

“ஏங் கண்ணு, தள்ளிப் போயிருக்குதா?” என்று சாப்பாட்டு வேளையில் கேட்டாள்.

“உங்களுக்கு எப்படிக்கா தெரியும்? ராபினுக்கே இன்னும் சொல்லல்ல!” என்று நதியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆறாம் மாதத்தில் கோட்டுப் பட்டன் போட முடியாமல் போயிற்று. முதலில் நாலாவது பட்டன், அப்புறம் மூன்றாவது. நதியா ஊக்கு மாட்டிப் பார்த்தாள். ஊக்கும் தெறித்தது. லைன் சூப்பர்வைசர் தரணி வந்து நின்றாள். இருபத்தேழு வயது, செக்கிங்கில் இருந்து படிப்படியாக ரோஸ் கோட்டுக்கு வந்தவள்.

“நதியா, பட்டன் போடோணும். தொறந்து கிடந்தா மெஷின்ல மாட்டிக்கும். அடுத்த வாரம் துணி வாங்கறவங்க ஆடிட் வேற வருது.”

“பத்தலல்லா மேடம். நான் என்ன செய்யட்டும்?”

ஸ்டோரில் இருந்ததிலேயே பெரிய கோட்டை எடுத்துக் கொடுத்தார்கள். வயிறு அடங்கியது, கை விரலைத் தாண்டித் தொங்கியது. இரண்டாவது பீஸிலேயே கைமுனை ஓவர்லாக் கத்தியின் பக்கம் சறுக்கியது. நதியா வீலென்று கையை இழுத்துக்கொண்டாள். அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பழைய கோட்டையே திறந்தபடி போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் அவளை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவள் மெஷினில் உட்கார்ந்தாள், பெடலை மிதிக்கவில்லை.

“என்ன கண்ணு சொன்னாங்க?”

“சொந்தக் காரணத்துக்காக வேலைய விட்டு நின்னுக்கிடுதேன்னு லெட்டர் எழுதித் தரச் சொல்லுதாங்கக்கா. பிள்ளை பெத்து, ஒடம்பு தேறுன பொறவு வந்தா எடுத்துக்கிடுவாங்களாம்.”

“எழுதீட்டயா?”

“இல்ல. பேனா இல்லன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

வேறு சமயமாக இருந்தால் மருதாள் சிரித்திருப்பாள். அந்த லெட்டரை அவள் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறாள். இருபது வருடத்துக்கு முன்னால், வேறொரு கம்பெனியில், ராமுத்தாய் என்கிற டெய்லர் அழுதுகொண்டே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். அவளும் பிள்ளைத்தாய்ச்சி. திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று அவளுக்கும்தான் சொன்னார்கள். எடுக்கவில்லை.

“சாயங்காலம் போகையில கோட்டை என்ற கைல குடுத்துட்டுப் போ” என்றாள் மருதாள்.

ஷிப்ட் விட்டதும் எதிர்ப் பேக்கரி வாசலில் நதியாவை நிறுத்தி, கழுத்தில் தொங்கிய ஐடி கார்டு நாடாவைக் கழற்றி அதனாலேயே வயிற்றைச் சுற்றி அளவெடுத்தாள். “மூச்சை இழுத்துப் புடிக்காத. இன்னம் மூணு மாசத்துக்கும் சேத்துத்தான் எடுக்கறன்” என்றாள். நதியாவுக்குக் கூச்சமாகவும் சிரிப்பாகவும் இருந்தது. பன் தின்றுகொண்டிருந்த இரண்டு பேர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அங்கிருந்து நேரே காதர்பேட்டை. எடைக்கு விற்கிற துண்டுத் துணிக் கடைகளில் புகுந்து ரிப் தேடினாள். பனியன் கழுத்துக்கு வைக்கிற துணி அது. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். கோட்டின் இரண்டு பக்கமும் அக்குளிலிருந்து கீழ்வரை வெட்டி ஒரு சாண் ரிப் கொடுத்துவிட்டால், வயிறு வளர வளரக் கோட்டும் கூடவே விரியும். கடைக்காரர் நீல ரிப் ஒன்றை எடுத்துப் போட்டார். மருதாள் தலையை ஆட்டிவிட்டு, மூட்டைக்கு அடியில் கிடந்த கனகாம்பர நிறத்தை உருவினாள்.

அன்றைக்கு வீட்டில் சோறாக்கியது சுப்பையன். தாளித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

“கம்பெனிக் கோட்டையவா வெட்டற?”

“ஆமாங்க.”

“அப்பறம் உன்னையக் கேக்க மாட்டாங்களா?”

“கேப்பாங்க.”

அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து, கோட்டின் கனமான முனை தரையில் இழுபடாமல் பிடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை நதியா அதைப் போட்டுக்கொண்டு லைனுக்குள் வந்தபோது பத்து மெஷின் நின்றுபோயிற்று. ஆறு பட்டனும் போட்டிருந்தது. இரண்டு பக்கமும் மேலிருந்து கீழாக ஓடிய கனகாம்பரப் பட்டைக்கு நடுவில் வயிறு அடக்கமாக, அழகாக உட்கார்ந்திருந்தது. வாங்கினாலும் கிடைக்காத உடுப்பு மாதிரி இருந்தது. பெண்கள் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். நதியா ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். ஒரு மாதமாகக் குனிந்தே நடந்தவள் அன்றைக்கு நிமிர்ந்து உட்கார்ந்து தைத்தாள். மருதாளின் கைக்கு வந்த பீஸ்களில் மூட்டு நூல் பிடித்த மாதிரி ஓடியது.

பத்து மணிக்கு மேனேஜர் தமிழ்செல்வன் வந்தார். முதலாளிக்கு அக்கா மகன். யாரிடமும் குரலை உயர்த்தாதவர்.

“கம்பெனி யூனிபார்மை வெட்டுனது ஆருங்க?”

“நாந்தானுங்க சார்” என்று மருதாள் எழுந்தாள்.

“ஏனுங்கக்கா, பதினோரு வருசமா இருக்கறீங்க. நீங்களே இப்படிப் பண்ணலாங்களா? இன்னிக்கு ஒருத்தர விட்டா நாளைக்கு நாப்பது பேரும் நாப்பது தினுசுல வந்து நிப்பாங்களே.” அவர் நதியாவைப் பார்க்காமல் தரணியைப் பார்த்துச் சொன்னார். “திங்கக்கெழம இந்தக் கோட்டோட உள்ள விட வேண்டாம். வேற கோட்டு சேரலீன்னா லெட்டர் எழுதி வாங்கீருங்க.”

அன்று மாலை மருதாள் பழைய நோட்டீஸைத் தேடி எடுத்தாள். கைக்கு அளவு வெட்டியதில் சங்கத்தின் முகவரியில் பாதி போயிருந்தது. மீதிப் பாதியை வைத்து விசாரித்துக்கொண்டு, ஒரு செல்போன் கடைக்கு மேலே மாடிப்படி ஏறினாள். உள்ளே தனபால் இருந்தார். ஒரு காலத்தில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். இடது கை ஆட்காட்டி விரலின் நுனி கட்டிங் மெஷினில் போயிருந்தது. மருதாள் சொன்னதை இடையில் பேசாமல் கேட்டார்.

“வயித்துல புள்ள இருக்குதுன்னு ஒரு பொண்ணை நிறுத்தறது சட்டப்படி குத்தமுங்கம்மா. அதனாலதான் அவங்களா நிறுத்தறதில்ல. தானா நின்னுக்கறேன்னு எழுதி வாங்கறாங்க. எழுதாத வரைக்கும் அந்தப் பொண்ணு வேலைல இருக்கறா. பிரசவ லீவு உண்டு, லீவுக்கு சம்பளமும் உண்டு. எழுதீட்டா எதுவுமில்ல. நான் திங்கக்கெழம சங்கத்து லெட்டர் குடுத்துடறன்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார். “ஆனா உள்ள அந்தப் பொண்ணு தனியா இருந்தா பயந்துக்கிட்டு எழுதிக் குடுத்துரும். பக்கத்துல எத்தன பேர் இருப்பீங்க?”

“நானுங்க.”

“அப்பறம்?”

கேட்டுச் சொல்கிறேன் என்று மருதாள் எழுந்துகொண்டாள். படி இறங்கும்போது தமிழ்செல்வன் சொன்னது காதில் திரும்ப ஓடியது. நாற்பது பேரும் நாற்பது தினுசில் வந்தால் அவருக்குச் சிரமம். நாற்பது பேரும் ஒரே தினுசில் வந்தால்? ஒருத்தி கோட்டு மட்டும் வேறு மாதிரி இருந்தால்தானே அதற்குப் பெயர் தப்பு? கடைசிப் படியில் நின்றபடியே போனை எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை துவைப்பதற்காகக் கோட்டை வீட்டுக்கு எடுத்துப்போவது வழக்கம்தான். சுப்பையன் காலையிலேயே காதர்பேட்டைக்கு ஆட்டோவை விட்டு, அந்தக் கடையில் இருந்த கனகாம்பர ரிப் முழுவதையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஐந்து பேர் வந்தால் பெரிது என்று மருதாள் நினைத்திருந்தாள். பத்தொன்பது பேர் வந்தார்கள். வீட்டுக்குள் இடம் பற்றாமல் வாசலிலும் மாடிப்படியிலும் உட்கார்ந்தார்கள். வந்தார்களே தவிர, கோட்டைப் பையிலிருந்து யாரும் வெளியே எடுக்கவில்லை.

“நதியா பாவந்தான். ஆனா உங்களுக்கு ஏனுங்கக்கா இந்த வேலை? நாளைக்கு உங்களத்தான மொதல்ல வெளிய அனுப்புவாங்க” என்று ஒரு பெண் கேட்டே விட்டாள்.

மருதாள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

“ராமுத்தாய்னு ஒரு அக்கா இருந்தாங்க. அவங்க மெஷின்ல நான் கைமடி. ஏழு மாசத்துல அவங்கள எழுதி வாங்கிட்டு அனுப்பீட்டாங்க. அவங்க கேட்டைத் தாண்டியிருக்க மாட்டாங்க, என்னைய வந்து ‘நீ இந்த மெஷின்ல உக்காரு’ன்னாங்க. அப்படித்தான் நான் டெய்லரானன். சீட்டுல அவங்க சூடு கூட ஆறலீங்க. எனக்கு என்ன தோணிருக்கோணும்? சந்தோசமா இருந்துச்சு. ஊட்டுக்குப் போயி இவருகிட்டச் சொல்லிச் சிரிச்சன். இருவது வருசமா அதை நான் ஆருகிட்டயும் சொன்னதில்ல.”

சுப்பையன் வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நதியா மெல்ல நகர்ந்து வந்து மருதாளின் தோளில் சாய்ந்துகொண்டாள். ஒடிசாவிலிருந்து வந்து ஹாஸ்டலில் இருக்கிற பசந்திக்குத் தமிழ் பாதிதான் புரியும். புரிந்த பாதி போதும் என்பது போல அவள்தான் முதலில் எழுந்து, பையிலிருந்து கோட்டை உருவி மெஷின் மேல் வைத்தாள்.

“அக்கா, எனக்கு பஸ்ட்டு.”

அதற்குப் பிறகு மெஷின் ஓயவில்லை. தைக்கிறவர்களுக்கென்ன பஞ்சம், எல்லாருமே தையல்காரர்கள். ஒருத்தி வெட்டினாள், ஒருத்தி பின் குத்தினாள், ஒருத்தி பக்கத்து வீட்டு மெஷினையும் இரவல் வாங்கிவிட்டாள். வர முடியாதவர்களுக்குப் பட்டையை வெட்டிக் கொடுத்தனுப்பினார்கள். நாலாம் லைனில் ஒன்பது ஆண்களும் உண்டு. அவர்களில் ஒருவர் தொப்பை பெருத்த டெய்லர். “வயித்துக்கு எடம் உடற கோட்டுன்னா மொதல்ல எனக்குத்தான வேணும்” என்று தன் கோட்டோடு வந்து நின்றார். அந்தப் பகலில் எல்லாரும் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

திங்கட்கிழமை காலை லைனில் இருந்த நாற்பத்திரண்டு பேரில் முப்பத்தொரு பேரின் கோட்டில் கனகாம்பரப் பட்டை இருந்தது. அன்றைக்குக் கோட்டை வெளியிலேயே போட்டுக்கொண்டு வந்தார்கள். கேட்டில் இருந்த செக்யூரிட்டிக்குப் பட்டை வைத்த ஒரு கோட்டைத் தடுக்கும்படி உத்தரவு. முப்பத்தொரு கோட்டைப் பார்த்ததும் எது அந்தக் கோட்டு என்று தெரியாமல் வழிவிட்டார். நதியா நடுவில் நடந்து உள்ளே வந்தாள். யாரும் கோஷம் போடவில்லை. எட்டரைக்கு மெஷின்கள் ஓடத் தொடங்கின.

தமிழ்செல்வன் வந்தவர் லைனின் ஒரு முனையில் நின்று மறுமுனை வரை பார்த்தார். நீலத்தில் கனகாம்பரம், நீலத்தில் கனகாம்பரம். தரணியைக் கூப்பிட்டு, பட்டை வைத்தவர்கள் பெயரையெல்லாம் எழுதிக்கொண்டு ஆபீஸுக்கு வரச் சொன்னார்.

தரணி லைனின் ஒரு பக்கமாக எழுதிக்கொண்டே போனாள். மருதாள் தலை நிமிரவில்லை. பேனா தன் பக்கத்தில் வந்து நின்று நகர்ந்தது மட்டும் தெரிந்தது. அந்தத் தாளில் என்ன இருந்தது என்பது மதியம்தான் வெளியே வந்தது. நாற்பத்து மூன்று பெயர்கள். லைனில் இருந்த நாற்பத்திரண்டு பேரும், எல்லாருக்கும் மேலே முதல் பெயராகத் தரணியும்.

“உங்க கோட்டுல பட்டை இல்லீங்களே?” என்று தமிழ்செல்வன் கேட்டாராம்.

“நாளைக்கு இருக்குமுங்க சார்” என்றாளாம்.

பட்டை வைக்காத பதினொரு பேரில் இரண்டு பேர் தரணியிடம் சண்டைக்குப் போனார்கள். “எங்க பேரை ஏன் எழுதுனீங்க? நாங்க எங்க வெச்சோம்?” என்று கத்தினார்கள். மீதி ஒன்பது பேரில் ஆறு பேர் மாலையில் மருதாளைத் தேடி வந்து, எப்படியும் பெயர் ஏறிவிட்டது, பட்டையையாவது கொடுங்கள் என்று வாங்கிப் போனார்கள். தரணியும் வந்தாள். ரோஸ் கோட்டுக்குக் கனகாம்பரம் எடுக்குமா என்று இருவரும் பட்டையை வைத்து வைத்துப் பார்த்தார்கள். எடுக்கத்தான் செய்தது.

“பயமா இல்லீங்களா அம்மிணி?” என்று மருதாள் கேட்டாள்.

“இருக்குதுங்கக்கா. அவளக் கூட்டீட்டுப் போயி லெட்டர் எழுதச் சொன்னது நாந்தான். அன்னிக்கு அவ பேனா இல்லைன்னு சொன்னப்ப என்ற பாக்கெட்ல பேனா இருந்துச்சு. நான் குடுக்கல. அதுக்கு மேல செய்யத் தைரியம் வரல.”

செவ்வாய்க்கிழமை மருதாளை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். மேஜை மேல் சங்கத்தின் லெட்டர் பிரித்து வைத்திருந்தது. தமிழ்செல்வன் எதிர் நாற்காலியைக் காட்டினார். பதினோரு வருடத்தில் அவள் அந்த அறையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“ஸ்ட்ரைக் பண்றீங்களாக்கா?”

“இல்லீங்க சார். வேலை ஓடீட்டுத்தான இருக்குது. நேத்து டார்கெட்டுக்கு மேல இருவது பீஸ் எச்சாவே போயிருக்குதுங்க.”

“அப்ப இதுக்கு என்னங்க பேரு?”

“தைச்சுப் போட்டுட்டு வந்திருக்கறோமுங்க. எங்களுக்குத் தெரிஞ்சது அதுதானுங்க.”

அவர் பெருமூச்சு விட்டார். “நீல ரிப் வெச்சுத் தைச்சிருந்தா ஆருக்கும் தெரிஞ்சிருக்காதே. நானும் கண்டுக்காம போயிருப்பன். ஏனுங்க இந்தக் கலரு?”

“நீலத்துல நீலம் வெச்சா கிழிஞ்சதுக்கு ஒட்டுப் போட்ட மாதிரி இருக்குமுங்க சார். அந்தப் பொண்ணு எதையும் கிழிக்கலீங்களே. புள்ள உண்டாயிருக்கறா, அவ்வளவுதானுங்க. அதை எதுக்குங்க மறைக்கோணும்?”

தமிழ்செல்வன் சங்கத்து லெட்டரை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு என்ன வேண்டும் என்று கேட்டார். மருதாள் எழுதி முந்தானையில் முடிந்து வைத்திருந்த சீட்டை எடுக்காமலே சொன்னாள். நதியாவிடம் லெட்டர் வாங்கக் கூடாது. லீவில் போகிற வரைக்கும் கத்தி இல்லாத, உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுக்க வேண்டும். இனி எந்த லைனில் யார் பிள்ளை உண்டானாலும் அவளுக்குச் சேருகிற கோட்டு ஸ்டோரில் இருக்க வேண்டும்.

வியாழக்கிழமை போர்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மூன்றும் கிடைத்திருந்தன. ஸ்டோருக்கு வரப்போகிற கோட்டில் நீலத்துக்கு நீல ரிப்தான் வைப்பார்கள், நாலாம் லைனில் இருக்கிறவர்கள் பட்டையைப் பிரித்துவிட வேண்டும் என்றும் கீழே ஒரு வரி இருந்தது. சிலர் பிரித்தார்கள். பலர் நாளை நாளை என்று தள்ளிப்போட்டார்கள். அதற்குள் இரண்டாம் லைனிலும் ஆறாம் லைனிலும் நான்கைந்து கோட்டுகளில் கனகாம்பரம் ஏறியிருந்தது. ஆடிட்டுக்கு வந்த அம்மாள் ஒரு பட்டையை விரலால் இழுத்துப் பார்த்து, கூட வந்தவரிடம் ஏதோ கேட்டு, ஏதோ எழுதிக்கொண்டாள். என்ன எழுதினாள் என்று இன்று வரை யாருக்கும் தெரியாது.

நதியா லீவில் போகிற நாள் மதியம் கேன்டீனில் அவளுக்கு வளைகாப்பு நடந்தது. கண்ணாடி வளையலைக் கம்பெனிக்குள் விடமாட்டார்கள். உடைந்தால் துணியில் சில்லு ஏறிவிடும். அதனால் பெண்கள் மீந்துபோன ரிப்பைச் சுருட்டி, உள்ளே நூல் திணித்து, துணி வளையல் செய்திருந்தார்கள். பசந்தி தன் ஊர் வழக்கப்படி அதில் சின்னச் சின்ன வெள்ளைத் தையல் போட்டிருந்தாள். ஒவ்வொருத்தியாக வந்து மாட்டிவிட, நதியாவின் இரண்டு கையும் முழங்கை வரை கனகாம்பரமாகிவிட்டது. தரணி சந்தனம் தடவினாள். சண்டைக்குப் போன இருவரில் ஒருத்தி வீட்டிலிருந்து எலுமிச்சைச் சாதம் கிளறிக்கொண்டு வந்திருந்தாள்.

நதியா அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். மருதாள் வளையலை மாட்டக் குனிந்தபோது அழுகையை அடக்க முடியாமல் போயிற்று.

“யக்கா, எங்க அம்மைகூட எனக்கு இப்படிச் செஞ்சிருக்க மாட்டா.”

“உங்கம்மா ஊர்ல அஞ்சு பலகாரம் சுட்டு வெச்சுட்டு உக்காந்திருப்பாங்க. போயி அங்க அழுகலாம் போ” என்றாள் மருதாள். அவள் கண்ணும் நிறைந்துதான் இருந்தது.

அடுத்த மாதமே மருதாளுக்கு மாற்றல் வந்தது. ஊத்துக்குளி ரோட்டில் இருக்கிற இரண்டாவது யூனிட்டுக்கு. இரண்டு பஸ் மாற வேண்டும். அங்கே வேலைக்கு ஆள் குறைவு என்று காரணம் சொன்னார்கள். உண்மையான காரணம் எல்லாருக்கும் தெரியும். தனபால் அதற்கும் ஒரு லெட்டர் கொடுப்போம் என்றார். மருதாள் வேண்டாம் என்றுவிட்டாள். “அங்கயும் பொண்ணுகதானுங்க இருக்கறாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு, அன்றைக்குச் சங்கத்தில் உறுப்பினர் சீட்டு எழுதிக்கொண்டு வந்தாள்.

புது யூனிட்டில் முதல் இரண்டு வாரம் அவளிடம் யாரும் சரியாகப் பேசவில்லை. பழைய மெஷினின் சத்தமும் முன்னால் இருந்த அந்த முதுகும் அவளுக்கு நினைவில் வந்துகொண்டே இருந்தன. மத்தியானச் சோற்றை ஒரு மூலையில் தனியாகத்தான் தின்றாள். சுப்பையன் தினமும் மாலையில் லோடு ஆட்டோவைச் சுற்றிக்கொண்டு வந்து, வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்ததுபோல அவளை ஏற்றிக்கொண்டு போனார். மூன்றாவது வாரம் பக்கத்து மெஷின்காரி, “அக்கா, இந்த ஜாக்கெட்டுக்கு எங்கீங்க பைப்பிங் வாங்கறீங்க?” என்று கேட்டுக்கொண்டு டிபன் பாக்ஸோடு வந்து உட்கார்ந்தாள்.

நதியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆறு மாத லீவில் நாலு மாதம் முடிந்திருந்த ஒரு நாள், டீ இடைவேளையில் வீடியோ கால் போட்டாள். திரையில் குழந்தையின் மொட்டைத் தலையும் ராபினின் காதும்தான் தெரிந்தன.

“யக்கா, ராத்திரி பூரா தூங்கமாட்டேங்கா. பகல்ல என்னியத் தூங்கவிடமாட்டேங்கா. நான் கம்பெனிக்கே வந்துருதேன். மெஷின் இதவிடத் தேவலக்கா!”

“வா, வா. இன்னம் ரெண்டு மாசந்தான. என்ற எடத்துல ஆரு உக்காந்திருக்கறாங்க?”

“பசந்திதானாம். தரணி மேடம் சொன்னாங்க. என் எடத்தச் சும்மா போட்டு வச்சிருக்காங்களாம், யாரையும் உக்கார விடலியாம்.”

குழந்தை போனைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. திரை இருட்டாகி, அதற்குள்ளிருந்து நதியாவின் கூச்சலும் ராபினின் சிரிப்பும் கேட்டன. மருதாள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அதைக் கேட்டபடியே நின்றாள். பெல் அடித்தது. “அப்பறமேலுக்குக் கூப்படறன் கண்ணு” என்று சொல்லிவிட்டு, டீ டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு லைனுக்குப் போனாள்.